கழற்றி வைத்த கதவு

"நீயே சொல்லிடு, நவால். உன்கிட்டதான் டைரக்டர் பிரியமாப் பேசுவாரு."

"நான் எப்படிச் சொல்றது? ஆம்பளைக்கு ஆம்பளை, நீ சொன்னா ஒரே வார்த்தையில முடிஞ்சுடும்."

"என்னன்னு சொல்ல? அத்தனை பேரும் கேட்டுக்கிட்டு இருக்க, குழந்தை தங்கலைன்னா?"

"மெதுவாச் சொல்லு."

"அந்த ரூம்ல மெதுவா என்னத்தைச் சொல்ல முடியும்? சரி, விடு. அடுத்த வாரம் பார்க்கலாம்."

நான்கு வருடங்களுக்கு முன் அலுவலக மாடிப்படியில் நின்று நவாலும் அவள் கணவன் இத்ரீஸும் பேசியது இது. அவன் ஏறிக்கொண்டிருந்தான், அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் அவனுக்கு நேரமாகிவிடும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற அந்தப் பேச்சை இன்றைக்குக் காலையில் நவால் மறுபடி நினைத்துக்கொண்டாள். மேசை இழுப்பறையைத் திறந்தபோது, அதற்குள் வீட்டுச் சாவி கிடந்தது.

இத்ரீஸின் சாவி. நீல நிறக் கயிறு கட்டியது.

அந்த மேசை அவர்கள் இருவருக்கும் பொது. காலையிலிருந்து மதியம் வரை நவால் அதில் உட்கார்ந்து, பிரான்சில் சலவை இயந்திரம் கெட்டுப்போனவர்களுக்குப் பதில் சொல்வாள். மதியம் அவள் எழுந்ததும் அதே நாற்காலியில் இத்ரீஸ் உட்கார்ந்து, கனடாவில் கெட்டுப்போனவர்களுக்கு நள்ளிரவு நெருங்கும்வரை பதில் சொல்வான். தொலைபேசியில் அவள் பெயர் கிளேர், அவன் பெயர் ஜூலியன். "காலையில கிளேர், மதியம் ஜூலியன். ரெண்டு பேரையும் முழுசாத் தெரிஞ்சது அந்த நாற்காலி ஒன்னுக்குத்தான்" என்று பக்கத்து இருக்கை பஹீஜா கேலி செய்வாள். முதலில் நவாலுக்கு அது சிரிப்பாக இருந்தது.

முன்பெல்லாம் இழுப்பறையில் வேறு பொருள்கள் இருக்கும். அவள் ஒரு ஆரஞ்சை உரித்து, சுளைகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போவாள். அவன் இரவில் வாங்கிய எள் பிஸ்கட்டில் பாதியைக் காலைக்கென்று விட்டுவைப்பான். ஒருமுறை நாற்காலியின் முதுகில் அவன் தன் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். குளிருக்கு என்று சொல்லி நாள் முழுக்க அவள் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது வைகாசி மாதத்து வெயில் போன்ற வெயில் அடித்த நாள். பிறகு ஆரஞ்சு வைக்க மறந்துபோனது. பிறகு பிஸ்கட்டும். எப்போது நின்றது என்று இருவருமே சொல்ல மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு தண்டனையாக வந்ததில்லை. பரிசாக வந்தது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

இயக்குநர் சி தவ்ஃபீக் நல்ல மனிதர்; 'சி' என்பது மரியாதைக்காக முன்னால் சேர்ப்பது. காசாபிளாங்காவில் இத்தனை கால் சென்டர்கள் இருக்கின்றன, எந்த இயக்குநர் ஊழியர்களின் பிறந்தநாளை நினைவில் வைத்துக்கொள்கிறார்? 'மனிதரே முதல்' என்று நுழைவுச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தது அவர். யாரும் தயங்காமல் தன்னிடம் வரவேண்டும் என்பதற்காக, ஒரு வெள்ளிக்கிழமை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் அறைக் கதவைத் தானே திருகாணி கழற்றி எடுத்தவரும் அவர்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கதவை இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கவைத்து, அன்றைக்குக் கூஸ்கூஸ் தட்டுகளை அதன் மேல்தான் பரப்பினார்கள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு மேசை அதுதான். கைப்பிடி இருந்த ஓட்டை வழியாகக் கொண்டைக்கடலை உருண்டு விழும்.

கதவு போன பிறகு அந்த அறைக்குள் யாரும் போவதில்லை. சம்பளம் பற்றிக் கேட்கப் போனால் கூடத்தில் அத்தனை பேருக்கும் கேட்கும். மாமியார் தொல்லை, மூலநோய், பக்கத்து இருக்கைக்காரனின் கைச்சேட்டை, எல்லாம் கேட்கும். ஆகவே எல்லோரும் எதையும் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டார்கள். "பாருங்க, நம்மகிட்ட ஒரு புகார்கூட இல்லை" என்று சி தவ்ஃபீக் மனம் நிறைந்து சொல்வார்.

நவால் ஐந்து மாதம் சுமந்துகொண்டிருந்தபோது, அதே கதவு மேசையைச் சுற்றி எல்லோரும் நிற்க, அவர் அறிவித்தார். "நம்ம ரெண்டு பிள்ளைங்களும் இங்கதான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க, இங்கதான் கல்யாணம் பேசினாங்க. இனிமே இவங்க குழந்தையை அந்நியர் கையில விடவேண்டாம். ஒருத்தர் காலையில, ஒருத்தர் மதியம். வார விடுமுறைகூட வேற வேற நாள். எந்த நேரமும் அம்மாவோ அப்பாவோ வீட்டுல இருப்பாங்க. இது கம்பெனியோட சீர்!" பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். நவால் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

பத்து நாள் கழித்துக் குழந்தை போயிற்று.

உடம்பு தேற எடுத்த ஐந்து மாத விடுப்பு முடிந்து திரும்பிய அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவர் அறைப்பக்கம் போனாள். அவளைக் கண்டதும் அவர் எழுந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வா வா, எங்க சின்னம்மா! உடம்பு தேறிடுச்சா? தூங்க விடமாட்டான், பாரு!" என்றார். அத்தனை தலைகளும் திரும்பின. அந்தத் தலைகளில் பாதிக்கு விஷயம் தெரியும். நவால் நன்றி சொல்லிவிட்டு வந்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"நான் போய்ச் சொல்லட்டுமாடி?" என்று பஹீஜா கேட்டாள்.

"வேணாம். நானே சொல்றேன்."

அந்த வருடம் ஆஷூரா பண்டிகைக்கு, ஊழியர்களின் குழந்தைகளுக்கென்று கம்பெனி வாங்கிய பொம்மைகளில் ஒன்று அவள் மேசைக்கு வந்தது. ஒரு கிலுகிலுப்பை. அதை வாங்கிக்கொண்ட பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. அடுத்த வருடம் ஒரு சின்ன மேளம். அதற்கடுத்து மரக்குதிரை. ஒரு வருடம் பொம்மை வாங்கினவள் மறு வருடம் எந்த முகத்தோடு போய்க் குழந்தையே இல்லை என்பாள்? எல்லாம் உல்ஃபா பகுதியில் அவர்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. இத்ரீஸ் அந்த அலமாரியைத் திறப்பதேயில்லை. அவன் துணிகள் நாற்காலியில் கிடக்கும்.

அவளை எழுப்ப வேண்டாம் என்று அவன் இரவில் கூடத்து மெத்தையில் படுத்துக்கொள்வான். அவனை எழுப்ப வேண்டாம் என்று அவள் விடியலில் விளக்குப் போடாமல் கிளம்புவாள். இன்றைக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போர்வையைப் பார்த்து, மூச்சை அடக்கி, நுனிக்காலில்தான் நடந்து வந்தாள். சாவியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தப் போர்வைக்குள் யாரும் இல்லை.

போன வாரம் நாற்காலி மாறும்போது அவன் சொன்னான். "முஹம்மதிய்யாவுல அண்ணன் வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு."

"அதுக்கு?"

"ஒன்னுமில்ல. சும்மா சொன்னேன்."

அவள் தலையில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே, "சரி, அப்புறம் பேசலாம்" என்றாள்.

நாலு வருடமாக அவர்கள் வீட்டில் அதிகம் சொல்லப்பட்ட சொல், அப்புறம்.

பஹீஜா அவள் தோளைத் தட்டினாள். "என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்க? இன்னைக்குப் பார்த்து முகத்தை இப்படி வச்சுக்காதே. நல்ல கம்பெனின்னு விருது குடுக்கிறவங்க வர்றாங்க. படம் எடுப்பாங்களாம். அங்க பாரு, உனக்கு என்ன வச்சிருக்காங்கன்னு."

சி தவ்ஃபீக்கின் அறை வாசலில், கதவு இருந்த இடத்தில், ஒரு சின்ன சைக்கிள் நின்றது. சிவப்பு. பின்னால் இரண்டு துணைச் சக்கரங்கள். கைப்பிடியில் நவாலின் பெயர் எழுதிய அட்டை.

"இந்த வருஷத்துது," என்றாள் பஹீஜா, குரலைத் தாழ்த்தி. "அலமாரி மேல ஏறாதுடி இது."

மதியம் இத்ரீஸைச் சீக்கிரமாக வரச் சொல்லியிருந்தார்கள். அவன் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டது அவள் இல்லை. அதை முதலில் பார்த்தாள்.

"சாவியை மறந்துட்டியா?"

"மறக்கல."

"காலையில நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தேன், இத்ரீஸ். நீ தூங்குறன்னு."

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தான். "நாலு வருஷமா ரெண்டு பேரும் அப்படித்தான் நடக்குறோம். உனக்கு வலிக்கலையா?"

"வலிக்குது."

"எனக்கு உன்மேல கோவம் இல்ல, நவால். கோவப்படணும்னாகூட ஆளை நேர்ல பார்க்கணும்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் சி தவ்ஃபீக்கின் குரல் கூடத்தைக் கடந்து வந்தது. "எங்கப்பா நம்ம வீட்டுக் கல்யாண ஜோடி? வாங்க, வாங்க!"

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். நரைத்த தலையோடு கனிவான ஒரு அம்மாள், குறிப்பெடுக்கும் ஒருவர், படம் பிடிக்கும் ஒருவர். புதினாத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நவாலையும் இத்ரீஸையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வேலை நேரத்தில் இப்படி ஒட்டி உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று! அவன் முழங்கை அவள் முழங்கையில் பட்டது. இருவருமே நகர்த்தவில்லை. அந்தச் சின்ன இடம் சூடாக இருந்தது.

"நான் புள்ளிவிவரம் எதுவும் காட்டப்போறதில்ல," என்றார் சி தவ்ஃபீக், அந்த அம்மாளிடம். "இவங்களைப் பாருங்க, போதும். இவங்க பிள்ளை ஒரு நாள்கூட அந்நியர் கையில வளரல. அம்மா வேலைக்கு வந்தா அப்பா வீட்டுல, அப்பா வந்தா அம்மா வீட்டுல. இதுக்குப் பேருதான் மனிதரே முதல். இந்த சைக்கிள்கூட அவனுக்குத்தான்."

"அழகான விஷயம்," என்றாள் அந்த அம்மாள். உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது. "குழந்தை பேரு என்ன?"

சி தவ்ஃபீக் வாயைத் திறந்தார். மூடினார். இருநூறு பேரின் பிறந்தநாள் தெரிந்தவர். "பேரு... பாருங்க, நாக்கு நுனியில நிக்குது. சொல்லும்மா, நவால்."

இழுப்பறையிலிருந்து எடுத்து வந்த சாவியை நவால் கைக்குள் இறுக்கினாள். எங்கோ ஒரு மேசையில் ஒருவன் வாடிக்கையாளரிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். பிறகு அடுத்த மேசை. கூடம் வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே போயிற்று. பஹீஜா எழுந்து நின்றாள். படம் பிடிப்பவரின் கால் பட்டு, சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது.

சி தவ்ஃபீக் நவாலைப் பார்த்தார். பிறகு கூடத்தை. அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் எழுதியிருந்ததை நாலு வருடம் கழித்து முதல்தடவையாகப் படித்தார். அவர் முகத்தில் இருந்த நிறம் போயிற்று. எழுந்து இரண்டு எட்டு வைத்து, இடது கையை நீட்டினார். கதவைச் சாத்துவதற்காக. கை காற்றில் போய், சுவரில் துருப்பிடித்து நின்ற கீலைத் தொட்டு நின்றது.

"கதவு வேணாம், சி தவ்ஃபீக்," என்றாள் நவால். அவள் குரல் கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. "பேரு வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு. நாலு வருஷமாச்சு. இங்க எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் யாரும் சொல்லல. நானும் சொல்லல."

இத்ரீஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் உள்ளங்கையைத் திறந்தாள். நீலக் கயிறு கட்டிய சாவி, இறுக்கிப் பிடித்ததில் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. அதை அவன் முன்னால் மேசையில் வைத்தாள். அவன் எடுக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

"சைக்கிளை யாருக்காவது குடுத்துடுங்க," என்றாள். "வீட்டுல பார்த்துக்க எனக்கு இவரு ஒருத்தருதான் இருக்காரு. எங்க ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வேலைக்குப் போடுங்க."