வெ. 14

இனியாவை நான்கு மணிக்குள் எடுத்தாக வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு ரோட்டை அடைத்துவிடுவார்கள், அதற்கு மேல் வண்டி ஓடாது என்று ஃப்ரீசர் பெட்டிக்காரன் சொல்லிவிட்டான். எங்கே கொண்டுபோவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து அவள் கணவன் கலையரசனின் பெரியப்பா காலையிலேயே போன் செய்தார். "ஆவறதப் பாருப்பா. நம்ம சுடுகாட்டுக்கு மட்டும் கொண்டாந்துடாத. ஊர்ல பேச்சாயிடும்." கல்யாணத்தின்போதும் இதையேதான் சொன்னார். அப்போது வீடு, இப்போது சுடுகாடு. மற்றபடி வார்த்தை மாறவில்லை.

பைபாஸுக்கு அப்பால் இருக்கிற புதுக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் வந்தது. பழைய சர்ச் வளாகம் நிரம்பிப் பத்து வருஷமாகிறது.

"ஒரே வழிதான் சார்," என்றார் சர்ச் கமிட்டிச் செயலாளர். "உங்க மிசஸோட குடும்பக் கல்லறை இங்க இருந்தா, அதைத் திறந்து வெக்கலாம். எங்க இருக்குன்னு நீங்க காட்டணும்."

இருந்தது. இனியாவின் அப்பா அருள்ராஜுக்குத் தாத்தா, உபதேசியார் வேதமுத்து. அவர்கள் வீட்டு பைபிளுக்குள் பழுத்துப்போன துண்டுச்சீட்டு ஒன்று உண்டு: 'உப. வேதமுத்து, வெ. 14'. வெ என்றால் வெள்ளைக்காரர் வரிசை, அதில் பதினாலாவது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அருள்ராஜ் அந்தச் சீட்டைக் காட்டுவார். கலையரசன் முதல்முறை போனபோது காப்பிக்கு முன்னால் அதுதான் வந்தது. "துரைமாருங்க பக்கத்துல படுத்திருக்காரு மாப்ள, எங்க தாத்தா."

ஆஸ்பத்திரியில் இனியா அதை வைத்துத்தான் கடைசியாகச் சிரித்தாள். "என்னைப் பூட்டன்கிட்ட போட்டுடு. இங்கிலீஷ் பேசற பேய்ங்களோட இருந்துக்கறேன். உங்க ஊர்ப் பேய்ங்க என்னைச் சேத்துக்காது." தானும் சிரித்தோமா என்று அவனுக்கு நினைவில்லை.

பெட்டியருகே அருள்ராஜ் உட்கார்ந்திருந்தார். கலையரசன் மட்டும் பழைய சர்ச்சுக்குக் கிளம்பினான்.

வெள்ளைக்காரர் வரிசையில் பன்னிரண்டு கற்கள் இருந்தன. மறுபடி எண்ணினான். பன்னிரண்டுதான். ஒரு பாதிரியார், அவர் மனைவி, ஒரே வாரத்தில் போன அவர்களுடைய மூன்று குழந்தைகள், யாரோ ஒரு இன்ஜினியர். பதினாலு எங்கும் இல்லை. பிறகு எல்லா வரிசைகளையும் பார்த்தான். பைக் சாவியால் பாசியைச் சுரண்டி ஒவ்வொரு பெயராகப் படித்தான். அழுகை வரவில்லை. விரல் நகத்துக்குள் பச்சை ஏறியது. மணி ஒன்றாயிற்று.

குழி வெட்டுகிற முருகையன் வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார். "இன்னா சார், காலைலருந்து சுத்தற. நம்பர் இல்லியா?"

"இருக்கு. வெ பதினாலு. வெள்ளைக்காரங்க வரிசை."

முருகையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "யாரு சார் உனக்கு அப்படிச் சொன்னது? வெ-ன்னா வெளி. உ-ன்னா உள்ள. அந்தக் காலத்து ரிஜிஸ்டர்ல எங்கப்பா காட்டியிருக்காரு."

"எதுக்கு வெளி?"

"காலனி ஆளுங்க மதிலுக்கு அந்தாண்ட. மத்தவங்க இந்தாண்ட. காலேஜ் படிச்ச ஆளு, இத என் வாயால கேக்கணுமா?"

மதிலில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. அந்தப் பக்கம் சீமைக்கருவேல். பௌர்ணமிக்கு வருகிற வேன்கள் நின்றுபோன தரை, அங்கங்கே டீசல் கறை. முருகையன் காலால் மண்ணைத் தள்ளிக் காட்டினார். டயர் ஏறி மூலை உடைந்த கல். 'உப. வேதமுத்து' என்பது மட்டும் மிச்சமிருந்தது. இங்கிருந்து மலை மறைப்பில்லாமல் தெரிந்தது.

செயலாளருக்கு முகம் தெளிந்துவிட்டது. "கிடைச்சிடுச்சில்ல? அப்புறம் என்ன, தாராளமா திறக்கலாம்."

"உள்ள வெக்க முடியாதா?"

"உள்ள உங்களுக்கு யார் இருக்காங்க? ரூல்னா ரூல்தான?"

"மதில் எதுக்கு இன்னும் இருக்கு?"

"ஆடு வராம இருக்க. இப்பல்லாம் யாரு சார் அதெல்லாம் பாக்கறாங்க?"

"உங்க தாத்தா எந்தப் பக்கம்?"

செயலாளர் பேனாவைத் தேடி எடுத்தார். பதிவேட்டில் எழுதினார். பெயர்: இனியா. வயது: 29. இடம்: வெ. 14.

"முழுசா எழுதுங்க," என்றான் கலையரசன்.

"அப்படித்தான் எழுதற வழக்கம். கட்டம் சின்னது."

கலையரசன் கையை நீட்டிப் பேனாவை வாங்கினான். புள்ளியையும் எண்ணையும் அடித்துவிட்டு, 'ளியே' என்று சேர்த்தான். எழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்தில் போய் முட்டியது. செயலாளர் முத்திரை குத்தினார்.

மூன்றரை மணிக்கு வண்டி சர்ச் வாசலைத் தாண்டிப் போயிற்று. முன்சீட்டில் பைபிளை மடியில் வைத்திருந்த அருள்ராஜ் பதறித் திரும்பினார். "மாப்ள, கேட்டு பின்னாடி போயிடுச்சு. டிரைவர்கிட்ட சொல்லுங்க."

"தெரியும் மாமா."

வண்டி மதிலைச் சுற்றித் திரும்பியது. கருவேல் மறைவில் புது மண் குவிந்திருந்தது. குழிக்கு இந்தப் பக்கம் நின்ற கர்நாடகா வேனை எடுக்கச் சொல்லி முருகையன் கத்திக்கொண்டிருந்தார்.

அருள்ராஜ் இறங்கினார். மதிலைப் பார்த்தார், உடைந்த கல்லைப் பார்த்தார். பைபிளைத் திறந்து சீட்டை எடுத்து, ஏதோ சரிபார்ப்பதுபோல் கண்ணருகே கொண்டுபோனார்.

"எங்க தாத்தா இங்க எதுக்கு மாப்ள வந்தாரு?"

இனியாவின் தலைப்பக்கத்தைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது, கலையரசன் போய்ப் பிடித்தான்.