அம்மா பெயர் தெரியவில்லை

ஆனந்தி டீச்சர் அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். சூரியநெல்லித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு அவர் பொறுப்பு. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்துவிடுவார், ஆனால் கெட்ட சேதி சொல்ல மட்டும் வராது. மாரித்தாயின் மகளுக்கு மூணாறில் வைத்த டெஸ்டின் முடிவு அது, மலையாளத்தில் இருந்தது. மாரித்தாய்க்குத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். மலையாளம் காதால் கேட்டால் புரியும், கண்ணால் பார்த்தால் ஜிலேபிதான்.

"நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு மாரித்தாய்" என்றார் டீச்சர் கடைசியாக.

"நூத்துக்கா டீச்சர்? பாசுதான?"

"இது பாசு பெயிலு இல்ல. புத்தி எவ்வளவுன்னு அளக்குறது. சாதாரணமா பிள்ளைகளுக்கு நூறுகிட்ட வரும். நாப்பத்தஞ்சுன்னா இந்த ஸ்கூல்ல படிக்க முடியாதுன்னு அர்த்தமாம். கீழ்நாட்டுல ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு, ஹாஸ்டலோட. ஜூன்ல அங்க சேக்கச் சொல்லி எழுதியிருக்காங்க."

மாரித்தாய் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிறவள். சிவசங்கரி அவளுடைய ஒரே பெண், எட்டு வயது. மூளைவாதத்தோடு பிறந்தவள். வலது கை மடங்கியே இருக்கும், நடந்தால் ஒரு பக்கம் சாயும், பேச்சு தொண்டையிலிருந்து கிளம்பி நாக்குக்கு வந்து சேர நேரமாகும். ஆனால் வந்து சேரும். ஒரு ராத்திரிகூட அம்மாவை விட்டுப் படுத்ததில்லை. அந்தப் பிள்ளையை பஸ்ஸில் நாலு மணி நேரம் கீழே கொண்டுபோய், தமிழே காதில் விழாத ஒரு ஹாஸ்டலில் விட்டுவிட்டு வர வேண்டுமாம்.

"இன்னொண்ணும் எழுதியிருக்கு" என்றார் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அம்மா பெயர் தெரியவில்லைன்னு."

நாற்பத்தைந்துகூட அவளை அவ்வளவு சுடவில்லை. தூக்கிச் சுமந்து, ஊட்டி, கழுவி வளர்த்த பிள்ளைக்குத் தன் பெயர் தெரியாது என்று யாரோ எழுதி, கீழே சீல் வேறு குத்தியிருக்கிறார்கள். அவள் விறுவிறுவென்று எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சங்கரி வாசலில் உட்கார்ந்து இடது கையால் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எம்பேரு என்ன?"

சங்கரி சிரித்தாள். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிற சிரிப்பு. "மாரி... த்தாய்."

"அப்ப மூணாறுல அந்த டெஸ்ட் டீச்சர் கேக்கும்போது என்ன சொன்ன?"

"நூத்திப் பதினேழு."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"நீதான சொல்லச் சொன்ன. மேசைக்கு... அந்தாண்ட... ஆள் இருந்தா."

நூற்றுப் பதினேழு எஸ்டேட்டில் மாரித்தாயின் நம்பர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சூப்பர்வைசர் கூப்பிடுவது அந்த நம்பரைத்தான். டிஸ்பென்சரியில் மருந்து வாங்கவும், ஆபீஸில் சீட்டு வாங்கவும் அதைத்தான் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால், எந்த மாரித்தாய் என்று கேட்பார்கள். இந்த டிவிஷனிலேயே மூன்று மாரித்தாய் உண்டு. பிள்ளைக்குப் பேச்சு சிக்குகிறதே, எங்கேயாவது வழி தவறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, மூன்று வயதிலிருந்து மாரித்தாயே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். மேசைக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து உன் அம்மா யாருடி என்று கேட்டால், நம்பரைச் சொல்லு, என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். பிள்ளை அட்சரம் பிசகாமல் சொல்லியிருக்கிறது. அதற்குத்தான் புத்தி இல்லை என்று தாள் வந்திருக்கிறது.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் ஈஸ்வரன், "எழுதுனது எழுதுனதுதான், நம்ம பேச்ச யாரு கேப்பா" என்றான். அவன் கோழை இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்தவன், அவ்வளவுதான்.

மாரித்தாய் காலையில் லீவு சொல்லிவிட்டு, முதல் ஜீப்பில் ஏறி மூணாறு போனாள். ஆபீஸைக் கண்டுபிடித்து, அந்த டெஸ்ட் டீச்சர் முன்னால் போய் நின்றாள். டீச்சருக்கு முப்பது வயது இருக்கலாம். கோட்டயத்துப் பக்கத்துப் பெண். மேசை நிறையத் தாள், ஆறிப்போன சாயா. திட்டத்தான் வந்திருந்தாள் மாரித்தாய். ஜீப்பில் வழிநெடுக வார்த்தைகளைக் கூர்தீட்டிக்கொண்டு வந்தவளுக்கு, அந்த மேசையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு மேசை என்றாலே அப்படித்தான்.

"டீச்சர், நூத்திப் பதினேழுங்குறது நாந்தான்" என்று மட்டும் வாயில் வந்தது. அப்புறம் அழுகை.

அந்தப் பெண் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கரையாதீங்க சேச்சி. உட்காருங்க. மெதுவா பறயுங்க." மாரித்தாய் நம்பர் கதையை முழுக்கச் சொன்னாள். மேசைக்கு அந்தாண்ட ஆள் இருந்தால் நம்பர் என்று தான் பழக்கியதையும் சொன்னாள். "தப்பு எம்மேலதான் டீச்சர். பிள்ளைய அனுப்பிராதீங்க."

டெஸ்ட் டீச்சர் அலமாரியைத் திறந்து சங்கரியின் தாளை எடுத்தாள். பிள்ளைகள் என்ன சொன்னாலும் சொன்னபடியே குறித்து வைக்கிற நல்ல பழக்கம் அவளுக்கு இருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஓரத்தில் 117 என்று இருந்தது. விரல் அதற்கும் கீழே போயிற்று.

"சூரியன் எங்க உதிக்கும்னு கேட்டேன். கொளுக்குமலைன்னு சொல்லியிருக்கா. நான் தப்புப் போட்டேன்."

"கொளுக்குமலைலதான டீச்சர் உதிக்குது?" என்றாள் மாரித்தாய், நிஜமாகவே புரியாமல்.

"தீப்பிடிச்சா என்ன செய்யணும்னு கேட்டேன். சங்கு ஊதுவாங்கன்னு சொன்னா. அதுக்கும் தப்பு."

"பேக்டரில தீப்பிடிச்சா சங்குதான் ஊதுவாங்க."

டெஸ்ட் டீச்சர் தாளை மேசையில் வைத்தாள். "அன்னைக்கு நாப்பது பிள்ளைங்க. எல்லாம் மலையாளத்துல கேட்டேன். கட்டை அடுக்குறதுக்கு வாட்ச் வச்சேன், அந்தக் கைக்கு. தப்பு மோளோடது இல்ல சேச்சி, உங்களோடதும் இல்ல. என்டேதாணு."

மாரித்தாய்க்குக் காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள் தப்பு என்னுடையது என்று சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை.

"அதே டெஸ்ட்ட உடனே திரும்ப வைக்கக் கூடாது. வேற டெஸ்ட் இருக்கு. கை வேகமும் வேண்டாம், வாட்சும் வேண்டாம். படத்தத் தொட்டுக் காட்டினா போதும். நானே அங்க வரேன். ஆனந்தி டீச்சர் தமிழ்ல கேக்கட்டும்."

வருகிறேன் என்று ஆபீஸ்காரர்கள் சொல்வது உண்டு. மாரித்தாய் அதை அதிகம் நம்பவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனியில், ஒரு ஜீப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு, குளிரில் மூக்கு சிவந்து இறங்கினாள் டெஸ்ட் டீச்சர். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம்.

அறைக்குள் போனவள் செய்த முதல் வேலை, ஆனந்தி டீச்சரின் மேசையைச் சுவரோரம் தள்ளியதுதான். பிறகு பாயை விரித்து சங்கரியின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற மாரித்தாய் அதைப் பார்த்தாள். மேசைக்கு அந்தாண்ட என்று தான் அழுதுகொண்டே உளறிய ஒரு வார்த்தையை இந்தப் பெண் மூன்று வாரம் மனதில் வைத்திருந்திருக்கிறாள். அதை நினைத்ததுமே அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. சங்கரி தொட்டாள், யோசித்தாள், தலையை ஆட்டினாள், நடுவில் ஒரு தடவை டெஸ்ட் டீச்சரையே ஏதோ கேள்வி கேட்டுச் சிரிக்க வைத்தாள். அவள் ஒன்றும் மேதை இல்லை. சில படங்களில் தடுமாறினாள், சிலதை விட்டுவிட்டாள். கடைசியில் வந்தது எழுபத்திரண்டு.

டெஸ்ட் டீச்சர் மாரித்தாயை உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்தாள். "மெதுவா படிக்கிற பிள்ளை. ஆனா படிக்கிற பிள்ளை. இதே ஸ்கூல்ல, இதே பாஷைல படிக்கட்டும். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் கொடுக்கணும், வாரம் ரெண்டு நாள் ஸ்பெஷல் டீச்சர் வரணும்னு எழுதுறேன். ஹாஸ்டல் வேண்டாம்." எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்தினாள். அம்மா பெயர் என்று இருந்த இடம். பேனாவை சங்கரியின் இடது கையில் கொடுத்தாள்.

சங்கரி டெஸ்ட் டீச்சரைப் பார்த்தாள், சுவரோரம் கிடந்த மேசையைப் பார்த்தாள், அப்புறம் குனிந்தாள். ஒரு மா. கொக்கி சாய்ந்த ஒரு ரி. வெளியே ஜீப்காரன் ஹாரன் அடித்தான், மூடுபனி இறங்குது, வாங்க என்று கத்தினான். டெஸ்ட் டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து உதவவும் இல்லை. சும்மா இருந்தாள். கட்டம் தாண்டி, வரி தாண்டி, தாளின் ஓரம்வரை போய் 'மாரித்தாய்' என்று முடிந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிஷம் போயிருந்தது.

ஜீப் கிளம்பும்போது மாரித்தாய் பின்னாலேயே ஓடினாள். சொல்ல வேண்டியது மலைபோல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளில் அவளும் இதைக் கேட்டதில்லை.

"டீச்சர், உங்க பேரு என்ன?"

"ரிஞ்சு" என்றாள் அந்தப் பெண், ஜீப்புக்குள் இருந்து எட்டிப் பார்த்து.

ஜூன் மாதம் சிவசங்கரி நாலாம் வகுப்புக்கு, அதே பள்ளிக்கு, அதே சாய்ந்த நடையோடு போனாள். லயத்து முக்கில் இருக்கும் மாரியம்மன் முன்னால் மாரித்தாய் வெள்ளிக்கிழமைதோறும் மகள் பேரைச் சொல்லி வேண்டுவாள். இப்போது அதோடு இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது. ரிஞ்சு டீச்சர் நல்லா இருக்கணும் தாயே, அவங்களுக்கு ஜீப்புல வாந்தி வரக் கூடாது.