கதவைத் திறந்தால் செங்கல்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்தில் தொடங்கியது. வீடு தேடித் தேடி அலுத்துப்போன என் தங்கை அதை எனக்கு அனுப்பி, "அண்ணா, நீயும் வா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். 'பழமை மாறாமல் புதுப்பிக்கப்பட்ட மேல்மாடி வீடு. உயரமான கூரை, மெருகேற்றிய மரத்தரை, தனி மொட்டைமாடி.' போனோம், பார்த்தோம். தங்கை கீழே இறங்கிவிட்டாள். நான் மட்டும் பக்கத்து வீட்டு அழைப்புமணியை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்பது கடைசியில் வரும். அழுத்திய பிறகு கேட்டதுதான் கதை. அன்றிலிருந்து 'தனி' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மாலை வெயில் அந்தப் பழைய சுவரில் பொன்னாக வழிந்துகொண்டிருந்தபோது, காலம் மெல்ல—'

போதும். வெயில் பொன்னாக வழிந்தால் வீட்டு விலை ஏறும். இது தரகர் எழுத வேண்டிய வாக்கியம். நான் எதற்கு ஓசியில் எழுதித் தர வேண்டும்?

இரண்டாவது: 'நகரத்தில் இடம் என்பது எப்போதுமே அதிகாரத்தின்—'

இதுவும் வேண்டாம். கூட்டத்தில் வாசித்தால் கைதட்டுவார்கள். கதவு திறக்காது.

மூன்றாவது: 'கிளட்ச் அக்கா கதவைத் திறந்தார். செங்கல்.'

இது இருக்கட்டும்.

3

கிளட்ச் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையிலிருந்து "கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க!" என்று அவர் போடுகிற கூச்சலில் தெருநாய்கூட ஓரங்கட்டி நிற்கும். அப்படி வந்த பெயர். அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு வீடுகள். கல்யாணமான நாளிலிருந்து அக்கா ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார். இரண்டு வீட்டுப் பின்கதவும் ஒரே மொட்டைமாடியில் திறக்கும். துணி காய்வது அங்கே, சண்டை போடுவது அங்கே, சமாதானம் ஆவதும் அங்கேதான். அக்காவின் கணவர் பேக்கரியில் அடுப்பு வேலை பார்ப்பவர். விடிந்து வீடு வந்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் காலை நீட்டிக் காற்று வாங்குவார். உடம்பில் ஏறிய அனல் இறங்கினால்தான் அவருக்குத் தூக்கம்.

பக்கத்து வீட்டை ஒரு கம்பெனி வாங்கியது. இடித்தார்கள், தேய்த்தார்கள், தூசியைக் கிளப்பினார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நாத்தனார் வீட்டுக்குக் கணவரோடு போய் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பியவர், துவைத்த துணியை வாளியில் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அதனால் திறந்தது. அந்தப் பக்கம் வானம் இல்லை. மேலிருந்து கீழ்வரை செங்கல், இடுக்கெல்லாம் பிதுங்கி நின்ற சிமெண்ட். வாளி கையிலிருந்து நழுவியது.

"என்னங்க... இங்க வாங்களேன்."

கணவர் வந்து பார்த்தார். கதவை மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார்.

"நம்ம கதவுதானே இது?"

"இல்ல, பக்கத்துத் தெருவுலேர்ந்து வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். என் வாயைக் கிளறாதீங்க!"

(இங்கே நீங்கள் சிரிக்கலாம். அக்கா சிரிக்கவில்லை. கொடியில் காயப்போட்டிருந்த கணவரின் வேலைச் சட்டைகள் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தன.)

4

கம்பெனி மேலாளர் மரியாதையான மனிதர். அதுதான் கொடுமை.

"உங்க வீட்டுக்கு அந்தப் பக்கம் கதவே கிடையாதே மேடம். வரைபடத்தப் பாருங்க."

"எப்ப வரைஞ்சது?"

"போன மாசம்."

"யாரு வரைஞ்சது?"

"நாங்கதான்."

"அப்ப நாளைக்கு என்னையும் விட்டுட்டு வரைஞ்சா, நான் இல்லாமப் போயிடுவேனா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. கதவை அடைத்தவன் நிதானமாகப் பேசலாமாம், அடைபட்டவள் குரலை உயர்த்தினால் உணர்ச்சிவசமாம்! வீட்டுச் சொந்தக்காரரிடம் போனார். "அவங்க என் வீட்டுக்கும் நல்ல விலை பேசிட்டிருக்காங்கம்மா, நீங்க இதப் பெருசுபடுத்தாதீங்க" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கம்பெனிக்காரர்கள் சட்டைகளை மடித்துக் கொடுத்தனுப்பினார்கள். பெயிண்ட் டப்பாவில் அக்கா வளர்த்த கற்றாழையை மட்டும் தரவில்லை. அது விளம்பரப் படத்தில் இருக்கிறது, அதே துருப்பிடித்த டப்பாவோடு. துரு பழமையில் சேர்த்தியாம். தண்ணீர் ஊற்றியவர் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

5

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் பிரதியில் அக்காவின் கணவரைப் படுத்த படுக்கையாக்கியிருந்தேன். வானத்தைப் பார்க்க அவருக்கு அந்த ஒரு கதவுதான் வழி என்று எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.*

பிறகுதான் உறைத்தது. கதவைக் கேட்பதற்கு வீட்டில் ஒரு நோயாளி இருந்தாக வேண்டுமா? நல்ல உடம்போடு இருக்கிற மனுஷன் காற்று வாங்கக் கூடாதா? தனி மொட்டைமாடி வாங்க வருகிறவரிடம் யாராவது மருத்துவச் சீட்டு கேட்கிறார்களா? அந்தப் பக்கம் ஆசை இருந்தால் போதும், இந்தப் பக்கம் மட்டும் பரிதாபம் காட்ட வேண்டும். நல்ல நியாயம் ஐயா இது! அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பிவிட்டேன்.

இப்போது அவர் விடிந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அனலை ஆற்றிக்கொள்கிறார். ஏறி இறங்குகிறவர்களுக்கெல்லாம் காலை மடக்கி வழிவிட்டு, அரைகுறையாகத் தூங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். போன வாரம் அடுப்பு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்து முன்கையைச் சுட்டுக்கொண்டார். இது பரிதாபத்துக்காக நான் சேர்த்ததில்லை. கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து எனக்குக் காட்டியவர் அவர்தான்.

* எழுதுகிறவன் கண் கலங்கினான் என்றால் நம்பிவிடாதீர்கள். பாதி நேரம் அது தன் வாக்கியத்தைப் பார்த்து வருகிற கண்ணீர்.

6

முடிவு ஒன்று. அக்கா சம்மட்டியை எடுத்து ஓங்கி—

"ஓங்கி? இடிச்சா கேஸ் யார் மேல? உங்க மேலயா?" என்று அக்காவே கேட்டுவிட்டார். எழுதியதைக் கிழித்தேன்.

முடிவு இரண்டு. அக்காவின் புகாரைப் பெற்றுக்கொண்டு மாநகராட்சி அதிகாரி வருகிறார். வரத்தான் செய்தார். புதுப்பித்த வீட்டு வழியாக மாடிக்குப் போய், சுவரைத் தடவிப் பார்த்து, "கட்டுமானம் நல்லா உறுதியா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். அக்கா வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முடிவு மூன்று. மேலாளர் மனம் திருந்தி—

கதைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக உங்கள் காதில் இவ்வளவு பெரிய பூவா சுற்றுவேன்?

7

கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். வீடு பார்க்க ஆள் வருகிற நாளெல்லாம் பின்கதவைத் திறக்கிறார். காரிலிருந்து கொண்டுவந்த வீல் ஸ்பேனரால் செங்கல்லைத் தட்டுகிறார். கத்தியும் பார்த்தார். தெருவையே நிறுத்துகிற குரல் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் தாண்டுகிறது. நான் அழைப்புமணியை அழுத்தியது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

அந்தச் சத்தம் கேட்டபோது மாடியில் என் பக்கத்தில் நின்றது என் தங்கை. அவளை இந்த இடத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். அவள் தரகரிடம் என்ன கேட்டாள் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை, கூடப்பிறந்தவள். அவள் நின்ற இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள்.

காற்று நன்றாக வருகிறது, இல்லையா? இங்கேயே ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளலாம். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். அதன் அடியில் துருப்பிடித்த டப்பாவில் கற்றாழை, அழகாகத்தான் இருக்கிறது. வீடும் நல்ல வீடு, பொய் சொல்ல மாட்டேன்.

டொக். டொக். டொக்.

"பழைய வீடுல்ல, அப்பப்ப இப்படிச் சத்தம் வரும்," என்கிறார் தரகர். "அதுவும் ஒரு அழகுதான்."

டொக். டொக்.

அடுத்து நீங்கள் வாய் திறந்து என்ன கேட்கப்போகிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு. அதை நான் எழுத மாட்டேன். எழுதினால் உங்களை நல்லவராக எழுதித் தப்பவிட்டுவிடுவேன். கேட்பதைக் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு, செங்கல்லில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.