ஜெப்பேக் கரை

மிளகுக் கரையில் மிளகு தீர்ந்துவிட்டதால், அன்று காலை கரையின் பெயரைக் கழற்றினார்கள்.

மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் வழக்கம் அதுதான். எது கப்பலேறிப் போகிறதோ, அதுவே கரைக்குப் பெயர். பெயர் கொடுத்த பொருள் கரையில் மிஞ்சுவதில்லை. பக்கத்துத் தந்தக் கரையில் யானையைப் பார்த்தவர் கிடையாது. அடுத்த பொன் கரையில் பித்தளைத் தோடுதான். அதற்கும் அப்பால் ஒரு கரை. அதன் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. அங்கே வீடுகள் மட்டும் இருக்கின்றன, ஆட்கள் இல்லை.

ஜெப்பே மணலில் உட்கார்ந்து, பெயர்ப்பலகை இருந்த இடத்தையே பார்த்தாள். அவள் மகள் மஸ்ஸா, கூடை மிளகோடு விலை பேசக் கப்பலேறியவள். பேச்சு முடியுமுன் கப்பல் போய்விட்டது. இனி எதை வைத்துக் கரையைக் கண்டுபிடிப்பாள்?

கடலோர நாமகரண மகா கண்காணிப்பாளர் குடையோடு வந்தார். அந்தப் பட்டத்தைச் சுமந்துவர ஓர் ஆள் தனியாக வந்தான். அவனுக்கு மூச்சிரைத்தது.

"இங்க விளைஞ்சது மிளகே இல்லீங்களே ஐயா. இஞ்சிக்குச் சொந்தக்காரப் பயிரு," என்றாள் ஜெப்பே.

"இஞ்சின்னு சொன்னா எவன்மா கப்பல் அனுப்புவான்? சரி, இங்கேருந்து வேற என்ன போச்சு?"

"என் மக போனா."

"பேரு?"

வாய்வரை வந்த பெயரை ஜெப்பே விழுங்கினாள். பலகையில் ஏறியது எதுவும் கரைக்குத் திரும்பியதில்லை.

"பேரில்லாமலே விட்டுடுங்களேன்."

"விடலாம். பேரில்லாத கரையில கப்பல் நிக்காது. உன் மக நீந்தி வருவாளா?"

ஓர் அலை வந்தது. யோசித்தது. திரும்பிப் போனது.

"ஜெப்பேன்னு எழுதுங்க."

"அது என்ன சரக்கு?"

"நான்தான்."

"காரம் இருக்குமா?"

"என் மககிட்டதான் கேக்கணும்."

கண்காணிப்பாளர் அவளை முகர்ந்து பார்த்தார். திருப்தி. பலகை ஏறியது. மை காயுமுன்னே சரக்கேற்றப் படகு வந்தது. ஜெப்பே தானே ஏறி, மூட்டைபோல் உட்கார்ந்தாள். யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. கண்காணிப்பாளருக்கு அதில் சற்று ஏமாற்றம்.

அலை தாண்டும்போது எதிரே ஒரு படகு கரைக்குப் போனது. காலிக் கூடையோடு மஸ்ஸா நின்றிருந்தாள். இப்போது அவள் ஜெப்பேயைவிட மூத்தவளாக இருந்தாள்.

"இது எந்தக் கரைண்ணே?" என்று தன் படகோட்டியைக் கேட்டாள்.

"ஜெப்பேக் கரை."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கேன். எங்கம்மா இங்கதான் இருப்பா."

ஜெப்பே கூப்பிட வாயைத் திறந்தாள். காரமான மணம் மட்டும் வந்தது.

மஸ்ஸா ஒரு தும்மல் போட்டாள். கரையைப் பார்த்தபடியே நின்றாள்.