தச்சன் எழுதிய பகுதி

தேநீர் ஆடை கட்டும்வரை அவள் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘படகுல வந்ததுங்கள நடுக்கடல்லயே கவுத்திருக்கணும்.’ எழுதியவன் தச்சன். அதே புனைபெயர், அதே உளிப் படம், இணையதளம்தான் வேறு.

சின்ன மருத்துவமனைகளுக்கு மருந்தளவு கணக்கிட்டுத் தரும் இலவசச் செயலி ஒன்றைச் சம்பளமில்லாமல் எழுதிவந்த பத்துப் பேரில் அவளும் ஒருத்தி, அவனும் ஒருவன். கணக்கிடும் பகுதி முழுக்க அவன் கைவேலை. முகம் பார்த்ததில்லை என்றாலும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். அவள் அம்மாவின் மடியில் படகில் வந்தவள் என்பது அவனுக்குத் தெரியாது. கூடப் புறப்பட்ட அப்பா கரை சேரவில்லை.

குழுவைத் தொடங்கியவரிடம் காட்டினாள்.

“வெளியில என்னத்தையோ எழுதட்டும்மா. இங்க யாரையாவது ஒரு வார்த்தை தப்பா பேசியிருக்கானா? அவன் இல்லன்னா நாளைக்கே எல்லாம் படுத்துரும்.”

“சரிங்க சார்” என்றாள். அந்தச் ‘சரி’ நெஞ்சுக்குள் முள்ளாய் நின்றது.

மறுநாளே தச்சனிடம் பாடம் கேட்கத் தொடங்கினாள். “அண்ணே, இது ஏன் இப்படி?” அவன் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தான். “கேளு தங்கச்சி, கேட்டாத்தானே வரும்” என்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். கற்றதைக் கொண்டே அவன் பகுதியை அடியோடு புதிதாக எழுதினாள். அவனுடைய ஒரு வரியைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு காலை, எல்லோரும் இணைய வழியில் கூடியிருந்தபோது, தன் பகுதியை ஓட்டிக் காட்டினாள். பிசகின்றி ஓடியது. அடுத்து, படகில் வந்தவர்களைப் பற்றி அவன் எழுதிய அந்த வரியைத் திரையில் போட்டாள்.

“இப்போ இவர் இல்லன்னா எது சார் படுக்கும்?”

தச்சனின் குரல் தடுமாறியது. “தங்கச்சி, அது உன்னச் சொல்லலம்மா...”

“என்னத்தான் சொன்னீங்க. அந்தப் படகுல வந்தவ நான்.”

யாரும் மறுக்கவில்லை. அவளே அவனைக் குழுவிலிருந்து வெளியேற்றினாள்; அவள் எழுதிய பகுதி அப்போதே மருத்துவமனைகளுக்குப் போனது. உடம்பெல்லாம் தித்தித்தது. அன்று அம்மாவிடம் கேட்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

மாலையில் அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மன்னிப்பாக இருந்தால் படித்துச் சிரித்துவிட்டு அழிக்கலாம் என்று திறந்தாள். மன்னிப்பும் இல்லை, வசையும் இல்லை.

‘குறைமாசத்துல பொறந்த குழந்தையோட எடை போட்டா உன் கணக்கு ரெட்டிப்பு அளவு காட்டுது. உடனே பாரு.’

போட்டுப் பார்த்தாள். உண்மைதான். உடனே திருத்தினாள். பிழையைக் கண்டவர் பெயரை எழுதி நன்றி சொல்வது குழுவின் வழக்கம். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினாள். அவனுக்குப் பதில் போடவில்லை.

திருத்தம் போய்ச் சேரச் சேர, திரையிலிருந்த வரைபடத்தில் மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகப் பச்சைப் புள்ளிகளாயின. கடலோரத்தில் ஒன்று மட்டும் திருத்தம் சேராமல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அவள் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.