கை நனைத்த வீடு

இங்ரிட் அம்மாவை ஜோதிகா வீட்டுக்கு அழைத்துப் போனது நான்தான். ஆண்டவருடைய நடத்துதல் என்று பாஸ்டர் பிறகு சொன்னார். ஆண்டவர் தலையில் கட்ட வேண்டாம். நான், விஜய்ராஜ், கம்பம் பக்கத்துக் கூடலூரில் ஆங்கிலம் நடத்தும் வாத்தியார். நார்வேயிலிருந்து ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் மொழிபெயர்ப்பவன். அந்த வருஷம் வந்தவர் இங்ரிட். அன்றைக்குப் போக வேண்டிய வீடு பூட்டிக் கிடந்தது. மணி பதினொன்றரை, எனக்கு நல்ல பசி. ஜோதிகா எங்கள் சபைப் பெண்; அவள் வீட்டில் சோறு போடாமல் விடமாட்டார்கள் என்று தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் வேனை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

நாங்கள் போய் இறங்கியபோது அவள் கணவன் சூரியபிரகாஷ் வாசலில் ஜீப்பைக் கிளப்பி வைத்திருந்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அது. ஜோதிகா நல்ல சேலை கட்டி, ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கியிருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. எங்களைக் கண்டதும் காலை இறக்கிவிட்டுச் சிரித்தாள். மாமியார் ஜக்கம்மா ஓடிவந்து இங்ரிட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கயோ கிளம்புனீக போல?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"கம்பத்துக்குத்தான் சாரு. அது கெடக்கட்டும், பெறகு போயிக்கிருவோம். கடல் தாண்டி வந்தவுகள வாசல்ல நிப்பாட்டிட்டு எங்கன போறது? உள்ள வாங்க" என்றாள் ஜக்கம்மா.

கடைகண்ணிக்குப் போகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் என் வாய் தேய்ந்தா போயிருக்கும்? சூரியபிரகாஷ் ஒரு கணம் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு வண்டியை அணைத்தான்.

கோழி அடித்தார்கள். குழம்பு கொதித்து இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. "இவ்வளவு சிரமம் வேண்டாமே" என்று இங்ரிட் என்னிடம் இரண்டு முறை சொன்னார். "வேண்டாம் என்றால் இங்கே மனம் நொந்துபோவார்கள்" என்று, ஏதோ நானே சமைப்பதுபோல், பெருமையாக விளக்கினேன். ஜோதிகாதான் பரிமாறினாள். குனியும்போதெல்லாம் ஒரு கை வயிற்றைத் தாங்கிக்கொண்டது. நான் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டபின் ஜெபம். இங்ரிட் நல்ல மனுஷி. அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டைக் கூரைக்கு ஜெபித்தார், மழைக்கு ஜெபித்தார், ஜீப்பின் டயருக்கும் ஜெபித்தார். கடைசியில் ஜோதிகாவின் வயிற்றில் கை வைத்தார். அவள் உடைந்து அழுதாள். இங்ரிட்டும் அழுதார். "ஆவியானவர் தொடுகிறார்" என்று என் பங்குக்கு நானும் ஒன்றைச் சேர்த்தேன். இங்ரிட் அப்படிச் சொல்லவே இல்லை.

ஜோதிகா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "இன்னும் எம்புட்டு நேரம்ணே ஆகும்?"

"செபத்துல நேரம் பாக்கக் கூடாது தாயி" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் அரை மணி நேரம் போயிற்று. அப்புறம் காபி.

இங்ரிட் செருப்பைத் தேடும்போது சூரியபிரகாஷ் என் முழங்கையைப் பிடித்தான். "சார், வேனைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க. ஜீப்பை மறிச்சு நிக்குது. ஆசுபத்திரிக்குப் போகணும். காலையிலருந்து பிள்ளை அசையலைங்கிறா."

"காலையிலருந்தா? ஏன்டா என்கிட்டச் சொல்லல?"

"அவுக கை வச்சு செபிச்சா எல்லாஞ் சரியாப் போகும்னு அம்மா சொல்லுச்சு. வந்தவுக சாப்பிடாமப் போனா நல்லதில்லைன்னுச்சு. எனக்கும் வாய் வரல சார்."

எல்லோரையும் வேனிலேயே ஏற்றினேன். வலி வந்துவிட்டது என்று நினைத்து இங்ரிட் ஜோதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடினார். நான் எதையும் விளக்கவில்லை. 'ஒரே ஒரு அசைவு ஆண்டவரே, வேறு எதுவும் கேட்க மாட்டேன்' என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஜோதிகா ஆசையாக வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் குலுங்கியது வேன்தான்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூன்று முறை ஸ்கேன் பார்த்தார். துடிப்பு இல்லை. என்னை அண்ணன் என்று எண்ணி, "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். ஜக்கம்மா தரையில் உட்கார்ந்து வாயில் வாயில் அடித்துக்கொண்டாள். சூரியபிரகாஷ் வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

ஜோதிகா அழாமல் படுத்திருந்தாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று நிஜமாகவே ஏங்கினேன்.

"அண்ணே, நாங்க இதுக்குத்தான் கிளம்பி நின்னோம்னு அவுககிட்டச் சொல்லிப்புடாதீக. நம்ம வீட்டுல கை நனைச்சவுக. சாகுற மட்டும் அவுக மனசு உறுத்தும்."

எனக்கு ஓவென்று கத்தவேண்டும்போல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

இங்ரிட் உள்ளே வந்தார். கட்டிலோரம் நின்று அழுதபடியே ஜோதிகாவின் நெற்றியைத் தடவினார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "இவளிடம் சொல்லுங்கள். வீட்டில் நான் கை வைத்தபோது குழந்தை லேசாக அசைந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நம் ஜெபத்தை அது கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது."

அது நிஜமா, ஆறுதலுக்குச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நிஜம் என்றால், அந்த அரை மணி நேரமும் காபியும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற இருந்த நேரம்.

"என்னண்ணே சொல்றாக?" என்றாள் ஜோதிகா.

"உனக்காக மனசு தாங்கலையாம் தாயி."

அவள் இங்ரிட்டின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"அழுக வேணாம்னு சொல்லுங்கண்ணே. இதுக்கு அவுக என்ன செய்வாக?"

அன்றைக்கு நான் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.