தலைமகனின் புது இடுப்பு

தாக் வம்சத்தில் யாரும் முன்னோர் மண்டபத்துக்கு முதுகைக் காட்டுவதில்லை. படையல் முடிந்ததும் முகத்தை மண்டபத்தின் பக்கம் வைத்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து வெளியே வருவார்கள். மூத்த கிளையின் தலைமகனான தாக் சங்-மோ சிறு வயதிலிருந்தே அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். இந்தக் கோடையில் ஒரு நாள் அப்படி வரும்போது கல்படி அவர் நினைத்த இடத்தில் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்தது. உலோக மூட்டு வைத்துத் தையல் பிரித்ததும், நடை பழகுவதற்காக ஆண்டோங் நகரத்தில் ஆற்றங்கரையோரம் இருக்கும் மறுவாழ்வு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். விழுந்துவிட்டீர்களாமே என்று யாராவது விசாரித்தால் அவர் திருத்துவார். முன்னோருக்கு மரியாதை செய்கையில் நேர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆறு பேர் படுக்கும் அறையில் அவருக்குக் கதவோரக் கட்டில் கிடைத்தது. சன்னலோரத்தில் கணுக்கால் முறிந்த ஒரு பேருந்து ஓட்டுநர் படுத்திருந்தார். மூத்தவர்களுக்கு மேலிடம் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லையா என்று சங்-மோ தாதியிடம் கேட்டார். கட்டில் காலியாகிற வரிசையில்தான் இடம் என்று அவள் சொன்னாள். அன்று முழுவதும் அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

உடற்பயிற்சி சொல்லித்தருகிற பியோன் இளம்பெண். எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வி கேட்பாள்: இங்கிருந்து போகும்போது உங்களால் என்ன செய்ய முடிய வேண்டும்? துணையில்லாமல் கழிவறைக்குப் போக வேண்டும் என்பார்கள். ஓட்டுநர் மறுபடி பேருந்து ஓட்ட வேண்டும் என்றார். சங்-மோ நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

"சூசோக் பண்டிகைக் காலையில முன்னோர் முன்னால நெத்தி தரையில படற மாதிரி ரெண்டு தடவ விழுந்து எந்திரிக்கணும்."

பியோன் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். "ஐயா, தரையில உக்காரக் கூடாது, முட்டி இடுப்புக்கு மேல வரக் கூடாது, குனியக் கூடாதுன்னு சொல்லிருக்கோம். அது அத்தனையையும் ஒண்ணாச் சேர்த்துச் செஞ்சா அதுக்குப் பேர்தான் அந்த வணக்கம். மூட்டு கழண்டு கைல வந்துடும்."

"எப்பத்தான் செய்யலாம்?"

"மூணு மாசம் போகட்டும். அப்புறம் டாக்டரக் கேளுங்க."

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு ஒரு மாதம்கூட முழுதாக இல்லை.

விழுந்து வணங்க முடியாததில் தலைமகனுக்கு என்ன நஷ்டம் என்று வெளியார் கேட்கலாம். படையலில் முதல் கிண்ணம் மதுவை ஊற்றுகிறவரே வம்சத்தின் தலை. முழங்கால் மடங்காதவர்கள் பின்வரிசையில் நின்றுகொண்டால் போதும், கிண்ணத்தைத் தொட வேண்டாம் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியைக் கொண்டுவந்தவரும் சங்-மோதான். வாதம் பிடித்த இரண்டு சித்தப்பாக்களை அப்படித்தான் பின்னுக்கு அனுப்பினார். அவர்கள் மறுபடி முன்வரிசைக்கு வராமலே முன்னோர்களாகிவிட்டார்கள். ஒரு முறை கை மாறிய கிண்ணம் திரும்பி வந்ததில்லை.

இது அவரைவிட அவருடைய பங்காளித் தம்பி க்யூ-சிக்குக்கு நன்றாகத் தெரியும். தேகு நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஒரு பெட்டி பழச்சாறோடு பார்க்க வந்தார். போர்வையை இழுத்துவிட்டார், காலைத் தொட்டுப் பார்த்தார், கண்கூடக் கலங்கினார்.

"அண்ணே, நீங்க நிம்மதியாப் படுங்க. முதல் கிண்ணத்த நான் ஊத்திக்கறேன். உங்க விதிதானே, நான் மீறலாமா? சனிக்கிழமை பெரியவங்களக் கூட்டிட்டு வரேன். நீங்க வாயால ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டாப் போதும்."

அவர் போனபின் சங்-மோ அந்தப் பழச்சாற்றை ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து அவர் பயிற்சி செய்த வேகத்தில் பியோனே பயந்துபோனாள். கம்பியைப் பிடித்து நடந்தார், ஊன்றுகோலோடு நடந்தார், மார்பின் மேல் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். இடுப்புக்குக் கேடு வராமலிருக்க அந்த நாற்காலியில் தடித்த மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்தியிருந்தார்கள். எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அவர் உதட்டுக்குள் க்யூ-சிக்கின் பெயரைச் சொன்னார். பியோன் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எவ்வளவு உறுதியாக எழுந்தாலும் அது வணக்கமாகாது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சனிக்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, க்யூ-சிக்கையும் சேர்த்து ஏழு கிழவர்கள் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும், யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு நோயாளி எழுந்து நின்றார். மருமகள் ஹே-சுக்கும் மாமனாருக்குக் கஞ்சி கொண்டுவந்து சுவரோரம் காத்திருந்தாள். சங்-மோ பயிற்சியை நிறுத்தவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். க்யூ-சிக் சிரித்தார்.

"நாற்காலில உக்காந்து எந்திரிக்கறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா அண்ணே? அத வீட்லயே செய்யலாமே."

பியோனுக்கு அது பிடிக்கவில்லை. இவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. சுவரோரம் இருந்த சாதாரண நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டாள். "வாங்க பெரியவங்களே, எல்லாரும் உக்காருங்க. கைய மார்ல கட்டிக்கணும். எதையும் பிடிக்கக் கூடாது. எங்க, எந்திரிங்க பாப்போம்."

இளம்பெண் ஒருத்தி கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல ஏழு பேருக்கும் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்தார்கள், கைகளைக் கட்டினார்கள். பிறகு எதுவும் நடக்கவில்லை. ஒருவர் முன்னால் சாய்ந்து தொப்பியைத் தவறவிட்டார். ஒருவர் பாதிதூரம் எழுந்து, யோசித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டிய மூத்தவர் முயற்சியே செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டார். க்யூ-சிக் முகம் சிவக்க இரண்டு முறை உந்தினார். மூன்றாம் முறை எழுந்தார், பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து.

"தோளைப் பிடிக்கக் கூடாதுங்க," என்றாள் பியோன்.

அவர்களுக்கு நடுவில் சங்-மோ மட்டும் மெல்ல எழுந்து, ஊன்றுகோல் இல்லாமல், வம்சத்தின் கொடிக்கம்பம் போல நின்றார். மெத்தையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

"நாற்காலிலயிருந்தே இப்படின்னா, தரையிலயிருந்து எப்படி எந்திரிச்சீங்க இத்தன வருஷமா?" என்று கேட்டார்.

மூத்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தூணப் பிடிச்சு எந்திரிப்போம். தூண் கிடைக்காதவன் பக்கத்தில இருக்கறவனப் பிடிப்பான். நீ முன்னால இருந்தே. திரும்பிப் பாக்க மாட்டியே."

சங்-மோவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் நெற்றியைத் தரையில் வைத்துப் புனிதமான நிசப்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை வருடங்களும், அவருக்குப் பின்னால் கௌரவமான ஒரு குடும்பம் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அவருடைய விதியைச் சரியாகப் பின்பற்றினால் இந்த ஏழு பேரும் பின்வரிசைக்குப் போக வேண்டும். அவரும் போக வேண்டும். முன்வரிசையில் முன்னோர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. குரலைத் தாழ்த்தி, தாராளமாகப் பேசினார்.

"முன்னோர் பாக்கறது முழங்காலையா? மனசத்தான் பாப்பாங்க. இந்த வருஷத்திலிருந்து மண்டபத்தில நாற்காலி போடுவோம். உக்காந்தபடியே தலை தாழ்த்தினாப் போதும். உங்க நிலமையப் பாத்துத்தான் இத அனுமதிக்கறேன்."

ஏழு தொப்பிகளும் ஒரே நேரத்தில் அசைந்தன. அப்படியானால் விதி என்னாவது என்று க்யூ-சிக் முனகினார். வைத்தவனே தளர்த்துகிறேன் என்று சங்-மோ சொன்னார். முதல் கிண்ணத்தை யார் ஊற்றுவது என்று மூத்தவர் கேட்டார்.

"யார் எதையும் பிடிக்காம எந்திரிச்சாங்களோ அவங்க ஊத்தட்டும்," என்றார் சங்-மோ.

அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. உங்கள் உடம்பு எங்களுக்கெல்லாம் வழிகாட்டி என்று வாழ்த்திவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். க்யூ-சிக் போகும்போது கண் கலங்கவில்லை. லிஃப்டுக்கு எதிரே நின்று காத்திருக்கும் கூட்டத்தைக் கூடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. சங்-மோவின் நெஞ்சு விரிந்தது. அறுவை முடிந்த நாளிலிருந்து முதல்முறையாக அவருக்குப் பசித்தது.

ஹே-சுக் கஞ்சியைத் திறந்து வைத்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாமனாரிடம் அவள் வாதாடியதில்லை. இப்போதும் வாதாடவில்லை. கரண்டியைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நல்ல தீர்ப்பு மாமா. முன்னோர் மனசத்தான் பாப்பாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா. பின்ன?"

"அப்ப படையலுக்கு வைக்கற அடைய யார் சுட்டாங்கன்னும் பாக்க மாட்டாங்க. மீன் அடை, பூசணி அடை எல்லாத்தையும் இந்த வருஷம் சந்தையில சொல்லிடறேன். ரெண்டு நாள் எண்ணெய்ச் சட்டி முன்னால குந்தி உக்காந்து எனக்கும் முட்டி போயிடுச்சு."

சங்-மோ கரண்டியைப் பாதியில் நிறுத்தினார். தாக் வம்சத்துப் படையலில் கடைப் பண்டம் ஏறியதில்லை. அப்படிச் செய்த ஒரு கிளையோடு அவருடைய தந்தை பேச்சையே நிறுத்தியிருந்தார். கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் கூடாது என்று அவள் கேட்பாள். வழக்கம் என்றால், நாற்காலி எந்த வழக்கம் என்பாள். குரலையும் தாழ்த்த மாட்டாள். லிஃப்ட் இன்னும் வரவில்லை. க்யூ-சிக் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமகன் கஞ்சியை விழுங்கினார்.

"சந்தையில எந்தக் கடை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கோடியில இருக்கற கடை. சுத்தமா இருக்கும்."

"கடை பேர் போட்ட டப்பாவோட வாசல் வழியாக் கொண்டுவராத."

"பின்வாசல் வழியாத்தான் மாமா. பித்தளைத் தட்டுல மாத்தி வெச்சுடறேன்."

லிஃப்ட் வந்தது. ஏழு தொப்பிகளும் திரும்பித் தலைமகனுக்கு மரியாதையாகக் குனிந்தன. சங்-மோ இடுப்புக்குக் கேடு வராத அளவுக்குப் பதில் வணக்கம் செய்தார்.